பத்துக்கு ஏழு

அந்தச் சத்தத்தைச் செய்தவள் நான்தான். நன்றாகக் கனிந்த சப்போட்டாவை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒரே அழுத்து. 'பிச்.' பதினேழாவது பழத்தில்தான் சரியாக வந்தது. லூர்தண்ணன் ஹெட்போனில் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "அய்யே, கருமம்! தின்ன சோறு வெளிய வந்துரும் போல இருக்குதுங்க அம்மிணி" என்றார். நான் சந்தோஷத்தில் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். இன்றைக்கு அதை நினைத்தால் இந்தக் கட்டைவிரலை வெட்டி எறியலாம் போலிருக்கிறது.

என் பெயர் தாட்சாயணி. வார நாட்களில் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு உதிரிபாகக் கணக்கு மென்பொருள் எழுதுகிறவள். சனி ஞாயிறுகளில் சின்னச் சின்ன வீடியோ கேம் செய்வேன். லூர்தண்ணன் கருமத்தம்பட்டிக்காரர், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் வரைந்து கொடுப்பவர். பதினாறுக்குப் பதினாறு கட்டத்துக்குள் ஒரு பூச்சியை வரையச் சொன்னால், அதற்குக் கண், மீசை, கோபம் எல்லாம் வைத்து வரைந்துவிடுவார். ஆறு வருடமாக நாங்கள் சேர்ந்து கேம் ஜாம்களுக்குப் போகிறோம். கேம் ஜாம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அரங்கில் உட்காரவைத்து, ஒரு நாள் இரண்டு நாளுக்குள் ஒரு முழு கேமைச் செய்து முடி என்பார்கள். ஜெயித்தால் ஒரு கோப்பை. தோற்றாலும் புரோட்டா உண்டு.

இந்த ஜாமை நடத்தியது 'கைத்தடம்' என்று ஒரு நிறுவனம். பீளமேடு பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் அரங்கு. இருபத்தேழு மேசை, ஒவ்வொன்றிலும் பழைய காலத்தில் காசு போட்டு ஆடுகிற மாதிரி ஆர்கேட் பெட்டி ஒன்று, அதில் ஒரு ஸ்டிக், ஒரு சிவப்புப் பட்டன். எங்களுக்குப் பதினான்காம் மேசை. விதிகளும் பழைய பாணிதான். பதினாறு நிறத்துக்கு மேல் கூடாது. எதிரிகள் மேலிருந்து கீழே வர வேண்டும். ஒவ்வொரு எதிரியும் குறைந்தது ஒன்றரை விநாடியாவது திரையில் தெரிய வேண்டும். கடைசியாக ஒரு விதி, அதுதான் புதிது. எதிரிகளை நாமாக உண்டாக்கக்கூடாது. அவர்கள் பெட்டியிலிருந்து 'விதை' என்று ஒரு எண் வரும். எதிரிக்கு எத்தனை கால், எவ்வளவு பருமன் என்பதை அந்த எண்தான் சொல்லும். எதிரி செத்ததா, தப்பித்துக் கீழே போனதா என்று நாங்கள் பெட்டிக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"எதுக்குங்க திருப்பிச் சொல்லணும்?" என்று லூர்தண்ணன் கேட்டார்.

"ஸ்கோர்ல யாரும் திருட்டுத்தனம் பண்ணக்கூடாதுன்னு இருக்கும். உங்களுக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி? பூச்சியை வரைங்க."

அதோடு முப்பத்தொரு பக்கத்துக்கு ஒரு நிபந்தனைப் பத்திரம் வந்தது. அதை நான் படிக்கவில்லை. ஜாமுக்குப் போகிறவன் எவனும் படிக்க மாட்டான். இருக்கிற நேரமே போதாது, இதில் பத்திரம் படித்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்? டிக் அடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம்.

ஹாஸ்டல் கட்டிலில் ஒருவன் தூங்குகிறான். சுவரிலிருந்து மூட்டைப்பூச்சிகள் இறங்கி வருகின்றன. நீங்கள் ஒரு கட்டைவிரல். ஸ்டிக்கால் நகர்ந்து, பட்டனால் நசுக்க வேண்டும். பூச்சி கட்டிலைத் தொட்டுவிட்டால் ஒரு உயிர் போச்சு. மொத்தம் மூன்று உயிர். கேமுக்கு 'நசுக்கு' என்றே பெயர் வைத்தோம். விதை எண்ணுக்குத் தகுந்தபடி லூர்தண்ணன் மூன்று வகைப் பூச்சி வரைந்தார். நாலு கால், ஆறு கால், எட்டுக் கால். நாலு கால் பூச்சி வெளிறிப்போன குஞ்சு, முகத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி கண்ணாக இருக்கும். ஒவ்வொரு வகையிலும் ஒல்லி, குண்டு உண்டு. குண்டை நசுக்கினால் மூன்று மடங்குப் புள்ளி என்று நான் வைத்தேன். எல்லாக் கேமிலும் அப்படித்தானே வைப்போம்!

சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்கு, நாங்கள் எழுதிய நிரலைப் பூட்டினார்கள். அதன்பிறகு யாரும் ஒரு எழுத்துக்கூட மாற்ற முடியாது. அப்புறம் அரங்கைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். எங்கள் மேசைக்குத்தான் கூட்டம். காலேஜ் பிள்ளைகள், குடும்பத்தோடு வந்தவர்கள், பிரசாரத்துக்கு வந்துவிட்டு வழி தவறிய கட்சிக்காரர்கள் இரண்டு பேர் என்று எல்லாரும் வரிசையில் நின்று நசுக்கினார்கள். 'பிச், பிச்' என்று சத்தம் வரும்போதெல்லாம் "சீ!" என்று கத்துவார்கள், கத்திக்கொண்டே இன்னொரு தடவை நசுக்குவார்கள். ஆள் இல்லாத நேரத்தில் நானே உட்கார்ந்து ஆடினேன், லூர்தண்ணனும் ஆடினார். நாங்கள் செய்ததிலேயே உருப்படியான கேம் இதுதான் என்று அவர் சொன்னார்.

லூர்தண்ணனுக்கு அந்த வாரம் வேறொரு கவலையும் இருந்தது. அவர் மனைவி செலின் அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. இருதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டும், புதன்கிழமை ஆபரேஷன். இன்ஷூரன்ஸ் அனுமதி வந்தால்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்கள். மனுப் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. தள்ளிப்போட வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் போன் 'டிங்' என்றால் போதும், பிரஷ் கீழே விழும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்த 'டிங்' வந்தது. படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

'உங்கள் மனு நிராகரிக்கப்பட்டது. மனிதக் கைச் சட்டத்தின்படி இம்முடிவு மனிதரால் நேரில் பார்த்து எடுக்கப்பட்டது. பார்த்த இடம்: பீளமேடு அரங்கு, மேசை 14. நேரம்: சனிக்கிழமை மாலை 4.17.'

இரண்டாவது தடவை படித்தேன். பிறகு நிமிர்ந்து எங்கள் மேசையில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன். அங்கே ஒரு பெண் பிள்ளை ஆடிக்கொண்டிருந்தாள். பிச்.

லூர்தண்ணனையும் இழுத்துக்கொண்டு, போனோடு எழுந்து நடந்தேன்.

கைத்தடத்தின் சார்பில் வந்திருந்தவன் அபிநவ் என்று ஒரு சென்னைப் பையன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அரங்கின் பின்னால் ஒரு அறையில் வெஜிடபிள் பப்ஸ் தின்றுகொண்டிருந்தான். போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"என்னய்யா இது?"

படித்தான். கொஞ்சமாவது பதறுவான் என்று பார்த்தேன். "அட, நம்ம டீம் மெம்பரோடதா? ஸாரி சார், ரொம்ப ரேர் கேஸ் இது" என்றான். "மேடம், உக்காருங்க. டென்ஷன் ஆகாதீங்க. சட்டம் தெரியும்தானே உங்களுக்கு? மெஷின் தானா எந்த மனுவையும் ஏத்துக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. ஒரு மனுஷர் பாத்து, தன் கையால முடிவு எடுக்கணும்."

தெரியாமலா? நாலு வருடத்துக்கு முன் அந்தச் சட்டம் வந்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. தெருவில் மிட்டாய் கொடுத்தோம்.

"இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க அந்த வேலைய எங்ககிட்டதான் குடுக்கறாங்க. முதல்ல ஆள் போட்டுத்தான் பாத்தோம். ஒரு ஹால் நிறைய ஆளுங்க. ஒருத்தரும் மூணு மாசம் தாங்கல. அழறாங்க, தூக்கம் வரலைங்கறாங்க, லீவு போட்டு ஓடிடறாங்க. பாவம்தானே அவங்களும்? அப்பதான் கேம் ஐடியா வந்துது. கேம் ஆடறவங்க யாரும் அழறது இல்ல."

"பூச்சியைப் பாத்தா மனுவைப் பாத்த மாதிரியா?"

"மனுவோட சுருக்கத்தைப் பாத்தா போதும்னு விதி இருக்கு. சுருக்கம் எந்த வடிவத்துல வேணாலும் இருக்கலாம். கால் எண்ணிக்கைதான் வயசு. பன்னெண்டுக்குக் கீழ நாலு. நாப்பது வரைக்கும் ஆறு. அதுக்கு மேல எட்டு. பருமன்னா கேக்கிற தொகை. ஒன்றரை செகண்ட் கண்ணுல படணும், அதையும் நீங்க வெச்சிருக்கீங்க. நசுக்கினா நிராகரிப்பு. தப்பிச்சுப் போனா ஏற்பு. எல்லாம் நீங்க டிக் பண்ணின பத்திரத்துல இருக்கு மேடம், பக்கம் பத்தொன்பது." பப்ஸ் துகளைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டான். "உண்மையச் சொல்லணும்னா, தப்பிச்சா உயிர் போகணும்னு நாங்க எங்கயுமே சொல்லல. குண்டுக்கு மூணு மடங்கு பாயின்ட்னும் சொல்லல. இருபத்தேழு மேசையிலயும் நீங்களா வெச்சதுதான். கேம் பண்றவங்க அப்படித்தான் வெப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்."

தூ! பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்கள். இங்கே பூனைக்குத் தான் பூனை என்றுகூடத் தெரியாது. அவனை நாலு அறை விட்டிருப்பேன். லூர்தண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அதெல்லாம் கெடக்கட்டும். என் சம்சாரத்துக்குப் புதன்கிழமை ஆபரேஷன். இப்ப என்ன பண்றதுன்னு சொல்லுங்க" என்றார்.

"அப்பீல் போடுங்க சார். இப்பவே போன்லயே போடலாம். அப்பீல் எங்க முடிவாச்சோ அதே மேசைக்குத்தான் திரும்ப வரும், சட்டம் அது. இன்னிக்கு சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் பெட்டி ஓடும். அதுக்குள்ள வந்துடும்."

"எது அவ மனுன்னு காட்டுவீங்களா?"

"எனக்கே தெரியாது சார். தெரிஞ்சா அது மோசடி ஆயிடுமே."

பெட்டியின் வயரைப் பிடுங்கிப் போட்டால் என்ன என்று கேட்டேன். தாராளமாகப் பிடுங்கலாம், பதினான்காம் மேசையில் நிற்கிற மனுக்கள் மற்ற மேசைகளுக்குப் பிரிந்து போகும் என்றான். எதிர் மேசையில் கரப்பான் பூச்சியைச் செருப்பால் அடிக்கிற கேம். அதற்கும் நல்ல கூட்டம்.

அப்பீல் போட்டுவிட்டு, வரிசையில் நின்றவர்களை விரட்டிவிட்டு, நான் உட்கார்ந்தேன். என் கை வேகமானது. லூர்தண்ணன் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார். செய்ய வேண்டியது எளிதாகத்தான் தெரிந்தது. பட்டனைத் தொடாமல் இருந்தால் போதும். பூச்சிகள் வரட்டும், கட்டிலைத் தொடட்டும். மூன்று பூச்சி தொட்டதும் உயிர் முடிந்து, கட்டிலில் படுத்தவன் சொறிந்துகொண்டு எழுந்திருப்பான், 'தோற்றாய்' என்று வரும். மறுபடி ஆரம்பிப்பேன். ஒரு ஆட்டத்துக்கு மூன்று மனு. மூன்று குடும்பத்துக்கு 'ஏற்கப்பட்டது' என்று சேதி போகும். தோற்கத் தோற்க எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பதினெட்டாவது ஆட்டம் முடிந்ததும் திரை சிவப்பானது. 'இந்த மேசையில் மனிதக் கை இல்லை. கடந்த 54 முடிவுகள் ரத்து செய்யப்பட்டு மீண்டும் வரிசைக்கு அனுப்பப்படுகின்றன.'

அபிநவ் தானாகவே வந்தான். "மேடம், யாருமே உக்காராத மேசையிலயும் பூச்சி கீழதான் போகும். ஆள் இருக்காருன்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"பட்டனை அமுக்கறேன். காலி இடத்துல அமுக்கறேன். போதுமா?"

"அத ஒரு குரங்குகூட அமுக்கும். நசுக்கினாத்தான் முடிவு எடுத்திருக்கீங்கன்னு அர்த்தம். சராசரியா ஒரு மனுஷர் பத்துக்கு ஏழு நசுக்குவார். அதுக்குக் கீழ போனா பெட்டி உங்களை மனுஷரா எடுத்துக்காது."

பத்துக்கு ஏழு. மீதி மூன்று. நான் வைத்த மூன்று உயிரும் அவர்கள் கணக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. மூன்று பூச்சி தப்பிப்பதற்குள் ஏழை நசுக்கிவிட்டால், தப்பித்தவர்களுக்கு ஏற்பு நிலைக்கும். இல்லாவிட்டால் அதுவும் ரத்து.

லூர்தண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அவளுக்கு நாப்பத்தொண்ணு. எட்டுக் கால். தொகை பெருசு, அப்ப குண்டு. எட்டுக் கால் குண்டை மட்டும் விட்டுருங்க அம்மிணி."

"மத்தது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மத்ததை அடிங்க."

ஆரம்பித்தோம். எட்டுக் கால் குண்டு வந்தால் "விடுங்க" என்பார். வேறெது வந்தாலும் "அடிங்க" என்பார். ஆறு கால் ஒல்லி, அடிங்க. எட்டுக் கால் ஒல்லி, அடிங்க. பிறகு முதல் குஞ்சு வந்தது. அவர் வரைந்த இரண்டு வெள்ளைக் கண்ணோடு அது சுவரில் இறங்கி வந்தது. நான் அசையவில்லை. கட்டிலைத் தொட்டது, ஒரு உயிர் போனது. அதே ஆட்டத்தில் அடுத்தடுத்து மூன்று எட்டுக் கால் குண்டு வந்தன. இரண்டைத்தான் விட முடிந்தது. இரண்டாவது தொட்டதுமே ஆட்டம் முடிந்தது, ஏழு சேரவில்லை, எல்லாம் ரத்து. மூன்றாவது எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஏன் விட்டீங்க?" லூர்தண்ணன் கத்தினார். ஆறு வருடத்தில் என்னிடம் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தாதவர். "அதுல அவ இருந்திருந்தா? ஏனுங்க விட்டீங்க?"

"குழந்தைண்ணா அது."

"எனக்குத் தெரியாதுங்களா? வரைஞ்சவனே நான்தான்." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "அடிங்க, அம்மிணி. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். அடிங்க."

அதற்குப் பிறகு விடவில்லை. எத்தனை ஆட்டம் ஆடினேன் என்று எண்ணவுமில்லை. ஒரு மணியிலிருந்து நாலரை வரை எழுந்திருக்கவில்லை. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்கு என்னால் பழக முடியவில்லை. பதினேழு சப்போட்டாவை வீணாக்கி, நல்லதாகப் பொறுக்கியெடுத்து வைத்த சத்தம் அல்லவா! இதில் பெரிய கேவலம் என்ன தெரியுமா? என் விரல் அதை ரசித்தது. குண்டு விழுந்ததும் திரை லேசாக அதிர வேண்டும், பட்டனில் ஒரு துடிப்பு வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவள் நான். மனசு சீச்சீ என்கிறது, விரல் அடுத்தது எங்கே என்கிறது. பின்னால் கூடியிருந்த பிள்ளைகள், "அக்கா, செம்ம!" என்று கைதட்டினார்கள். திரும்பி அவர்கள்மேல் துப்பியிருப்பேன், நேரமில்லை.

நாலரை தாண்டி ஒரு ஆட்டம். ஆறை நசுக்கியாகிவிட்டது. இரண்டு எட்டுக் கால் குண்டுகளை விட்டாகிவிட்டது. இன்னும் ஒன்றை நசுக்கினால் ஏழு. மேலே ஒரு குஞ்சு வந்தது, ஒல்லிக் குஞ்சு. லூர்தண்ணன் ஸ்டிக்கை விட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார், அவர் கை அதுவரை என் கைமேல் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் சொல்லாமலே நான் அடித்தேன்.

மூன்றாவது பூச்சி போய் ஆட்டம் முடிந்ததும் அவர் போன் 'டிங்' என்றது. 'உங்கள் மேல்முறையீடு ஏற்கப்பட்டது. முடிவு மனிதரால் நேரில் பார்த்து எடுக்கப்பட்டது.' அவர் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். அபிநவ் வந்து கைகுலுக்கக் கையை நீட்டினான். நான் என் கையைக் கொடுக்கவில்லை. கோப்பை எங்களுக்குத்தான் கிடைத்தது. வாங்காமல் வந்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். லூர்தண்ணன் அதைப் பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் விட்டுவிட்டு இறங்கினார். அதுதான் நடந்தது.

திங்கட்கிழமை ஒரு பத்திரிகைக்கு எழுதினேன், இரண்டு வக்கீலுக்கு எழுதினேன். சட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை, ஒவ்வொரு முடிவையும் மனிதக் கைதான் எடுத்திருக்கிறது என்று ஒரு வக்கீல் பதில் போட்டார். புதன்கிழமை செலின் அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "உங்க புண்ணியம் அம்மிணி" என்று லூர்தண்ணன் போனில் சொன்னார். பார்க்க வாருங்கள் என்று அவரும் கூப்பிடவில்லை, வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஆபீசில் டப்பாவைத் திறந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல்.

"வணக்கமுங்க. பீளமேட்டுல மேசை பதினாலு... நீங்களுங்களா?"

"யாருங்க பேசறது?"

"நாங்க அன்னூருங்க. பேரு ருக்மணி. பையனுக்குக் காதுல மெஷின் வெக்கறதுக்கு மனுப் போட்டிருந்தோம். வேணாம்னு வந்திருச்சுங்க. எங்க, எப்பப் பாத்தாங்கன்னு அதுலயே போட்டிருந்துச்சு. காலேஜுக்குப் போயிக் கேட்டேன், வாட்ச்மேன் உங்க நம்பரைக் குடுத்தாருங்க. சாப்பிடற நேரத்துல தொந்தரவு பண்ணீட்டனாட்ட இருக்குது."

"இல்லீங்க. சொல்லுங்க. என்ன மணின்னு போட்டிருக்குது?"

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் நாலு முப்பத்தொம்பதுங்க. பையனுக்கு ஏழு வயசு."

டப்பாவை மூடினேன். லூர்தண்ணன் போனுக்குச் சேதி வந்தது நாலு நாற்பதுக்கு.

"மெஷின் தள்ளியிருந்துச்சுன்னா பேசாம இருந்திருப்பனுங்க" என்றாள் ருக்மணி. "மெஷின்கிட்ட என்னத்தப் போயிக் கேக்கறது? மனுசங்க பாத்தாங்கன்னு போட்டிருந்துச்சு. அந்தத் தைரியத்துலதான் கூப்பிட்டேன். பேப்பர்ல என்னங்க குறை? சொன்னீங்கன்னா திருத்திக் குடுத்தர்றனுங்க."

பத்திரத்தில் முப்பத்தொரு பக்கம் இருந்தது. சொல்ல ஆயிரம் பொய் இருந்தது.

"குறை ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அந்தப் பக்கம் பின்னால் ஒரு பையன் சத்தமாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான், காது கேட்காத பிள்ளைகள் பேசுகிற மாதிரி.

"அப்புறம் ஏனுங்க வேணாம்னீங்க?"

அவள் திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.